கற்பவன் வீட்டு அடுப்பு

கல்வியின் சிறப்பைப் பேசாத சமுதாயம் உலகில் இல்லை. மேடைகளிலும் ஏடுகளிலும் அதன் பெருமை ஓயாது முழங்கப்படுகிறது. ஆயினும், ஒருவனைக் கற்க அனுப்புவதற்கு ஆகும் செலவு யாது என்று வினவினால், கட்டணம், நூல், உடை, உறைவிடம், உணவு என்னும் ஐந்தோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். ஆறாவதாக ஒன்று உண்டு. கற்கும் காலத்தில் அவன் ஈட்டாது விட்ட கூலியே அது. அந்தக் கூலியை நம்பி ஒரு வீடு இருக்குமானால், ஐந்து செலவுகளையும் பிறர் ஏற்றுக்கொண்ட பின்னரும் அந்த வீட்டின் அடுப்பு அணைந்தே கிடக்கும்.

பத்து வயதுச் சிறுவனுக்கு இக்கேள்வி எழுவதில்லை. வேலையை இழந்து நிற்கும் முப்பத்தைந்து வயதுக் குடும்பத் தலைவனிடம், “புதிய தொழில் ஒன்றை ஓராண்டு முழுநேரமும் இருந்து கற்றுக்கொள், பிறகு வேலை கிடைக்கும்” என்று சொல்லும்போது, இக்கேள்வியே முதற் கேள்வியாகி விடுகிறது. அவன் கற்கும்வரை அவன் மனைவி மக்களுக்குச் சோறு போடுபவர் யார்?

இது புதிய கேள்வியன்று. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கூஃபா நகரில் எழுந்த கேள்வி. இன்று தாமிரபரணிக் கரையில் எழுந்து நிற்கும் கேள்வி. இடைப்பட்ட காலத்தில் மனிதர் இதற்கு அளித்த விடைகளைச் சற்றே தொகுத்துக் காண்பது பயனுடையதாகும்.

கூஃபாவில் ஒரு தாயின் முறையீடு

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் தங்கிக் கற்ற திண்ணைத் தோழர்களை நாம் அறிவோம். வீடும் உறவும் அற்றவர்களாய் மதீனாவுக்கு வந்த அவர்களுக்கு ஊரார் தம் உணவைப் பகிர்ந்தளித்தனர். இருவருக்கு உணவு உள்ள வீட்டார் மூன்றாமவரை அழைத்துச் செல்லுமாறு அண்ணலார் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் தனியர். ஆதலின் அங்கே கற்பவனின் பசி ஒன்றே தீர்க்க வேண்டியதாயிற்று.

குடும்பமுள்ள மாணவனின் நிலை வேறு. அந்நிலையை நம் முன் கொணர்ந்து நிறுத்துவது இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் இளமை வரலாறு. யஃகூப் இப்னு இப்ராஹீம் என்னும் இயற்பெயருடைய இவர் கூஃபாவில் வறிய குடும்பமொன்றில் தோன்றியவர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாடசபையில் சேர்ந்து பயின்றுவந்தார். இவ்வரலாறு இருவிதமாக அறிவிக்கப்படுகிறது. தந்தையே தடுத்ததாக ஓர் அறிவிப்பு. அபூஹனீஃபாவுக்குச் செல்வம் உண்டு, நமக்கோ பிழைப்பு வேண்டும் என்ற கருத்தில் தந்தை எடுத்துரைக்க, மகனும் பாடத்தை விட்டு நின்றுவிட்டார். மற்றோர் அறிவிப்பில் தந்தை மறைந்துவிட்டார். தாய் அவரைத் துணி வெளுப்பவர் ஒருவரிடம் வேலைக்கு அமர்த்துகிறார். பிள்ளையோ வேலையை விட்டுவிட்டுப் பாடசபைக்கு ஓடிவிடுகிறார். ஒருநாள் அத்தாய் இமாமிடமே நேரில் சென்று முறையிடுகிறார். இவன் தந்தையற்றவன், நான் நூல் நூற்று இவனுக்கு உணவளிக்கிறேன், இவனும் ஒரு தானிக் காசாவது ஈட்ட வேண்டாமா என்பது அம்முறையீட்டின் சாரம். தானிக் என்பது திர்ஹத்தின் ஆறில் ஒரு பங்கு.

இத்தாயைக் கல்வியின் அருமை அறியாதவர் என்று சிலர் எளிதாகக் கூறிவிடுவர். அது நேர்மையன்று. அவர் சொன்னது கணக்கு. நூற்கும் கையின் உழைப்பில் இரு வயிறுகள் நிரம்புவது அரிது என்னும் கணக்கு. அக்கணக்கில் பிழையில்லை என்பதை இமாம் அவர்கள் உணர்ந்தார்கள். பட்டுத்துணி வணிகரான அவர்கள் கணக்கு அறியாதவர்கள் அல்லர்.

மாணவன் வராதது கண்டு விசாரித்தார்கள். காரணம் பிழைப்பே என்று தெரிந்ததும் நூறு திர்ஹம் கொண்ட பையை அவர் கையில் கொடுத்து, பாடத்தை விடாது வருமாறும், இது தீர்ந்தால் அறிவிக்குமாறும் கூறினார்கள். அபூயூசுஃப் அவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்த செய்தி இதனினும் உயர்ந்தது. தீர்ந்துவிட்டது என்று அவர் ஒருநாளும் சொல்ல நேரவில்லை. தீரும் தறுவாயில் அடுத்த பை வந்துவிடும். அந்த மாணவர் ஹாரூன் அர்-ரஷீத் காலத்தில் தலைமை நீதிபதியாக உயர்ந்தார்; அரசின் வரிநெறி குறித்து ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலை எழுதினார்; கி.பி. 798-இல் மறைந்தார்.

இமாம் அவர்களின் செயலில் மூன்று கூறுகள் உள்ளன. வராத மாணவனைத் தேடி, ஏன் வரவில்லை என்று கேட்டது ஒன்று. மாணவனின் உணவுக்கு மட்டுமன்றி வீட்டின் தேவைக்கும் போதுமான அளவு கொடுத்தது மற்றொன்று. கல்வி முடியும்வரை இடையறாது கொடுத்தது மூன்றாவது. இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு பின்வரும் வரலாற்றை நோக்குவோம்.

சட்ட நூல்கள் வகுத்த நெறி

தனிமனிதரின் கொடை எவ்வளவு உயர்ந்ததாயினும் அவரோடு மறையும். அது நிலைக்க வேண்டுமாயின் சட்டமாக வேண்டும். திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்து 273-ஆம் வசனம், இறைவழியில் முற்றாக ஈடுபட்டமையால் ஊர் சுற்றிப் பொருளீட்ட இயலாதவராயும், வற்புறுத்தி இரவாதவராயும் உள்ள ஏழையரைச் சுட்டுகிறது. விரிவுரையாளர் பலர் இது திண்ணைத் தோழர்களைக் குறிக்கும் என்பர்.

நம் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (1233–1277) தம் ‘அல் மஜ்மூஃ’ நூலில் இதனை மேலும் தெளிவாக்குகின்றார்கள். உழைத்துண்ண வலிமை பெற்றவனுக்கு ஜகாத் இல்லை என்பது பொது விதி. ஆயினும் அவன் மார்க்கக் கல்வியில் ஈடுபட்டிருந்து, பொருளீட்டச் சென்றால் அக்கல்வி அறுபடும் எனில் அவனுக்கு ஜகாத் கூடும். ஏனெனில் கல்வி சமுதாயத்தின் மீதுள்ள கூட்டுக் கடமை, அதாவது ஃபர்ளு கிஃபாயா. அதே வேளையில், உபரி வணக்கங்களில் மூழ்கித் தொழிலைக் கைவிட்டவனுக்கு இச்சலுகை இல்லை. அவ்வணக்கத்தின் பயன் அவனோடு நின்றுவிடுகிறது. கற்கும் ஆற்றல் வாய்க்காதவன் மதரஸாவிலேயே தங்கியிருந்தாலும் அவனுக்கும் இல்லை. கருணைக்கும் கண்டிப்புக்கும் ஒருசேர இடம் தந்த தீர்ப்பு இது!

எவ்வளவு கொடுப்பது என்பதையும் அந்நூல் பேசுகிறது. அவனுக்கும் அவன் பராமரிப்பில் உள்ளவர்களுக்கும் போதுமான அளவு என்பதே அடிப்படை. தொழில் தெரிந்தவனாயின் அத்தொழிலுக்குரிய கருவிகளையோ முதலையோ வாங்கப் போதுமான தொகை கொடுக்கப்படும். கீரை விற்பவனுக்கு ஐந்து அல்லது பத்து திர்ஹம் போதும். மணி வணிகனுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டியிருக்கலாம் என்று எடுத்துக்காட்டுகளும் தரப்பட்டுள்ளன. ஹனஃபீ நூல்களிலும் கல்விக்கெனத் தன்னை ஒதுக்கிக்கொண்ட மாணவனுக்கு ஜகாத் கொடுப்பதற்கு இடமுண்டு.

கைத்தொழில் கற்பவன் இதில் அடங்குவானா? மார்க்கக் கல்வியைப் பற்றிய தீர்ப்பை அப்படியே தொழிற்கல்விக்கு நீட்டிவிட இயலாது. அது முஃப்திகள் முடிவு செய்ய வேண்டிய இடம். எனினும் இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் கல்வி பற்றிய பாகத்தில் உழவையும் நெசவையும் தையலையும் ஃபர்ளு கிஃபாயாக்களுள் சேர்த்துள்ளார்கள் என்பது சிந்திக்கத் தக்கது. நெசவாளி இல்லாத ஊர் ஆடையற்ற ஊராகும். ஆதலின் நெசவைக் கற்பதும் ஊருக்காகச் செய்யும் கடமையே. கருவி வாங்கிக் கொடுக்கலாம் எனில், கருவியைப் பிடிக்கக் கற்கும் காலத்திற்குச் சோறு போடுவது அதனினும் தொலைவில் இருக்க முடியாது.

நெல்லளந்த அறச்சாலைகள்

தமிழகத்திலும் கற்பவனுக்கு உணவளிக்கும் அறம் தொன்மையானது. தென்கோடியில் 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்களுக்கு ஒரு சாலை நிறுவினான். 11-ஆம் நூற்றாண்டில், முதலாம் இராசேந்திரனின் காலத்தில், எண்ணாயிரத்துக் கல்லூரிக்கு 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. அங்கே 340 மாணவரும் 14 ஆசிரியரும் இருந்தனர் என்றும், மாணவருக்கு நாள்தோறும் நெல் அளக்கப்பட்டது என்றும் கல்வெட்டுச் சொல்கிறது. இவை வேதம் ஓதுவோருக்கென அமைந்தவை. பக்தாதில் 1234-இல் திறக்கப்பட்ட முஸ்தன்சிரிய்யா மதரஸாவிலும் மாணவருக்கு உணவும் மாதப்படியும் வக்ஃபிலிருந்து வழங்கப்பட்டன. நம் ஊர்களில் ஓதவந்த பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சோறு கொடுத்ததும், சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்த தாய்மார்களின் பிடியரிசியும் அந்த மரபின் எளிய கிளைகளே.

இவை யாவும் கற்பவனின் வயிற்றை நிரப்பின. அவன் விட்டுவந்த வீட்டை இவற்றுள் எதுவும் பொறுப்பேற்கவில்லை. திண்ணையின் அறம் நிலைத்தது. கூஃபாவின் அறம் அருகிற்று.

வீடே பள்ளியாக இருந்த காலம்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் கைத்தொழிலாளருக்கு இக்குறை நெடுங்காலம் உறுத்தவில்லை. காரணம், தொழில் கற்பதும் பிழைப்பதும் ஒரே கூரையின் கீழ் நடந்தன.

பத்தமடையைப் பாருங்கள். ஆற்றங்கரையில் விளையும் கோரையை அறுத்து, உலர்த்தி, ஓடும் நீரில் பலநாள் ஊறவைத்து, கீறி, சாயமேற்றி, பட்டுப்போன்ற பாயாக நெய்வது அவ்வூர் லெப்பைக் குடும்பங்களின் தொழில். 1953-இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்கு அன்பளிப்பாகச் சென்ற பெருமையும், 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமையும் அதற்கு உண்டு. அத்தொழிலுக்குப் பள்ளிக்கூடம் எங்கே இருந்தது? தாயின் அருகே. கோரையைத் தரம் பிரிக்கும் சிறுமி அப்பொழுதே ஒரு கை வேலையைக் குறைத்துவிடுகிறாள். கற்கக் கற்க அவள் பங்கு கூடுகிறது. மேலப்பாளையத்துத் தறிக்குழியிலும் இதுவே முறை. நூல் சுற்றும் பையன் பாவோட்டுவான். பிறகு தறியில் அமர்வான். கற்பவன் ஒருநாளும் வீட்டுக்குச் சுமையாக இருந்ததில்லை.

இதைப் பொற்காலம் என்று புகழ்வதற்கில்லை. வேறு தொழில் கற்கும் வழி அங்கு அடைபட்டிருந்தது. பிள்ளைகளின் விளையாட்டும் எழுத்தறிவும் தறியடியில் கழிந்தன. ஆனால் ஒரு நன்மை இருந்தது. பயிற்சிக் காலம் என்ற வருமானமற்ற வெற்றிடம் அங்கு இல்லை. கைத்தறி நலிந்தபோதுதான் அவ்வெற்றிடம் தோன்றிற்று. தெரிந்த தொழில் சோறு போடவில்லை. தெரியாத தொழிலைக் கற்க வீட்டை விட்டு வெளியேற வேண்டும்.

அவ்வாறு வெளியேறியவர்கள் பலர் கடல் கடந்தனர். தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்றை அடுத்த கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து நெசவாளர் குடும்பத்தினர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் சென்றனர். 1946-இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக், உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியொன்றைத் தொடங்கியது அவர்களின் ஊக்கத்திற்குச் சான்று. ஊரிலேயே தங்கிவிட்டவர்களுக்கு வழி என்ன?

பஞ்சம் பெற்றெடுத்த தொழிற்பள்ளி

இப்பகுதியில் வீட்டுக்கு வெளியே தொழில் கற்பிக்கும் நிலையம் தோன்றியதற்குத் தாது வருடப் பஞ்சமே காரணம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய அப்பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை நாசரேத்தில் கிறித்தவ ஊழியர் ஆர்தர் மர்காஷியஸ் ஏற்று வளர்த்தார். அவர்கள் பிழைக்கத் தொழில் வேண்டும் என்பதால் 1878-இல் அங்கே கைத்தொழிற் பள்ளி எழுந்தது. தச்சும் தையலும் நெசவும் கற்பிக்கப்பட்டன. அக்காலத்துத் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அவ்வூர் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது.

அப்பணியைப் பாராட்டுவது நம் கடமை. அதன் அமைப்பையும் கவனிக்க வேண்டும். அங்கு வந்த பிள்ளைகளுக்கு வீடில்லை. ஆதலின் அவர்களுக்கு உறைவிடமும் உணவும் அளித்ததே முழு உதவியாயிற்று. வீடிழந்த பிள்ளைக்குப் பொருந்திய அந்த அமைப்பு, வீடுள்ள ஆடவனுக்கும் பெண்ணுக்கும் அப்படியே பொருந்துமா? பின்வந்த அரசுத் திட்டங்கள் இதைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

இந்தியாவில் வேலைவாய்ப்பு அலுவலகமும் தொழிற்பயிற்சியும் உடன்பிறந்தவை என்பதைப் பலர் அறியார். இரண்டாம் உலகப் போர் முடிந்து படையிலிருந்து விடுவிக்கப்படும் வீரர்களைக் குடிவாழ்வில் அமர்த்துவதற்காக 1945-இல் மறுவாழ்வு மற்றும் வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் நிறுவப்பட்டது. வேலை தேடித் தரும் அலுவலகங்களையும், தொழில் கற்பிக்கும் நிலையங்களையும் அந்த ஒரே இயக்ககம் நடத்தியது. 1947-இல் பிரிவினையால் இடம்பெயர்ந்தோருக்கும், 1948-இல் எல்லா வேலை தேடுவோருக்கும் அதன் பணி விரிந்தது. 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் உருப்பெற்றது. 1956 நவம்பர் முதல் நாள் தொட்டு இவற்றின் நிர்வாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. திருநெல்வேலிப் பேட்டையில் உள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் அத்திட்டத்தின் வழிவந்ததே.

வேலையற்றவனை ஒரு கையால் பதிவு செய்து, மறு கையால் பயிற்சிக்கு அனுப்புவதே அந்த அமைப்பின் நோக்கம். ஆனால் காலப்போக்கில் உடன்பிறந்தோர் இருவரும் தனித்தனி வீடு கட்டிக்கொண்டனர். அதன் விளைவை இன்றைய விதிகளில் காணலாம்.

தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைத் திட்டத்தின்படி, பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாயும், தேறியவருக்கு 300 ரூபாயும், மேல்நிலைக் கல்வி முடித்தவருக்கு 400 ரூபாயும், பட்டதாரிக்கு 600 ரூபாயும் வழங்கப்படுகின்றன. காலாண்டுக்கு ஒருமுறை, மூன்றாண்டுகள் கிடைக்கும். பதிவு செய்து ஐந்தாண்டுகள் காத்திருந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. வயது வரம்பு 40. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45. ஆக, மனைவி மக்களோடு வாழும் குடும்பத் தலைவர்களும் இதில் அடங்குவர். பட்டதாரி ஒருவர் மூன்றாண்டிலும் பெறும் மொத்தத் தொகை 21,600 ரூபாய்.

தொகை சிறிது என்பதன்று இங்கே என் வாதம். அதன் ஒரு நிபந்தனையே கருதத்தக்கது. நாள்தோறும் கல்வி நிலையத்திற்குச் சென்று பயில்பவர் இதைப் பெற இயலாது. அஞ்சல்வழி பயில்பவர் மட்டும் பெறலாம். வேலையின்றித் தெருவில் நின்றால் உதவி உண்டு. வேலைக்காகத் தொழில் கற்கப் போனால் அது நின்றுவிடும்! இருமுறை பெறலாகாது என்னும் நியாயம் இதற்குள் இருக்கலாம். ஆனால் இமாம் நவவீ அவர்களின் தீர்ப்போடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வலிமையிருந்தும் சும்மா இருப்பவனுக்கு இல்லை, கற்பவனுக்கு உண்டு என்றார் அவர். நாமோ அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தவருக்கு வேறு உதவிகள் இல்லாமல் இல்லை. அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. மிதிவண்டி, சீருடை, பேருந்து அட்டை ஆகியவையும் கிடைக்கின்றன. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளிகளில் படித்து மேற்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்கும் மாணவர்க்கும் மாதம் 1,000 ரூபாய் வழங்க வகை செய்தன. தொழிற்பயிற்சியும் அதில் அடங்கும். இவை நல்ல திருப்பங்கள். ஆயினும் இவை பள்ளியிலிருந்து நேரே வரும் இளைஞருக்கானவை. இடையில் வேலையிழந்து மீண்டும் கற்கவரும் குடும்பத்தாரை எண்ணி வகுத்தவை அல்ல. 1979 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கி 1999 வரை நடைபெற்ற ஊரக இளைஞர் சுயவேலைப் பயிற்சித் திட்டம் வறுமைக் கோட்டுக்குக் கீழ்ப்பட்ட 18 முதல் 35 வயதுவரை உள்ளோரை எடுத்துக்கொண்டது. அதன் உதவிப்படியும் பயிற்சி பெறும் ஒருவரைக் கணக்கிட்டதே தவிர, அவர் வீட்டு உறுப்பினரை எண்ணவில்லை.

கூஃபாவின் அறத்துக்கு மிக அண்மையில் வருவது, 2005 ஏப்ரல் முதல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகம் நடத்திய ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டம். ஆலை மூடப்பட்டோ ஆட்குறைப்பினாலோ வேலையிழந்த காப்பீட்டுத் தொழிலாளிக்கு அது ஊதியத்தில் பாதியை உதவியாக அளிக்க ஏற்பாடு செய்தது. உதவிக் காலம் பின்னர் 24 மாதங்கள்வரை நீட்டப்பட்டது. அக்காலத்தில் அவருக்கும் குடும்பத்தாருக்கும் மருத்துவம் உண்டு. தொழிற்பயிற்சி பெற்றால் அதன் கட்டணத்தையும் பயணச் செலவையும் கழகமே ஏற்கும். உதவி, குடும்பம், பயிற்சி என்ற மூன்றும் ஒரே திட்டத்தில் சேர்ந்தது அரிய நிகழ்ச்சி. 1880-களில் பாபநாசத்து அருவி நீரின் ஆற்றலை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் ஆர்வி ஆலை எழுந்த நாள் முதல் ஆலைத் தொழிலாளர் வாழும் இப்பள்ளத்தாக்குக்கு அது அந்நியமான செய்தியன்று. ஆனால் ஆலை வாயிலுக்குள் சென்று காப்பீட்டு எண் பெற்றவருக்கே அது உரியது. தறிக்குழியில் இருந்தவருக்கும் சுளகு பிடித்தவருக்கும் அந்த வாயில் திறக்கவில்லை.

பிறநாட்டார் கண்ட வழி

மற்ற நாடுகள் இதற்கு விடை கண்டது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்காவில் இயந்திரங்கள் பெருகி மனிதர் வேலையிழந்தபோது, 1962-இல் மனித ஆற்றல் வளர்ச்சி, பயிற்சிச் சட்டம் நிறைவேறிற்று. வேலையிழந்த குடும்பத் தலைவர்கள் பயிற்சி பெறும் காலத்தில் வாரந்தோறும் உதவிப்படி பெற அது வழி வகுத்தது. மேற்கு ஜெர்மனி 1969-இல் இயற்றிய சட்டம், முழுநேரப் பயிற்சி பெறுவோருக்கு வாழ்க்கைப்படி என்றே தனிப்பெயரிட்டு வழங்கியது. இன்றும் அந்நாட்டில் காப்பீடு செய்த தொழிலாளி வேலையிழந்து, ஒப்புதல் பெற்ற பயிற்சியில் சேர்ந்தால், வேலையின்மை உதவி நிற்பதில்லை. அது முந்தைய நிகர ஊதியத்தில் நூற்றுக்கு 60 பங்கு. குழந்தை உள்ளவர்க்கு 67 பங்கு. அந்த ஏழு பங்கின் வேறுபாட்டில்தான் நான் சொல்ல விழையும் கருத்து முழுவதும் அடங்கியுள்ளது. கற்பவனுக்கு ஒரு வீடு இருக்கிறது என்று சட்டம் அறிந்துகொண்டதன் அடையாளம் அது.

நம்மவர் குடியேறிய சிங்கப்பூரிலும், நாற்பது வயதைக் கடந்தவர் குறிப்பிட்ட முழுநேரப் பயிற்சிகளில் சேர்ந்தால், முந்தைய வருமானத்தில் பாதி அளவுக்கு, மாதம் 3,000 வெள்ளி உச்சவரம்பில், பயிற்சிப்படி தரும் ஏற்பாடு 2025-இல் நடைமுறைக்கு வந்தது. கடையநல்லூர்த் தறியை விட்டுச் சென்ற பாட்டனுக்குக் கிடைக்காதது பேரனுக்குக் கிடைக்கிறது.

சுளகின் மேல் நிற்கும் படிப்பு

அப்படியாயின், இத்தனை காலமும் இப்பள்ளத்தாக்கில் பயிற்சிக்குச் சென்ற பிள்ளைகளின் வீடுகள் எவ்வாறு பிழைத்தன? விடை மேலப்பாளையத்தின் திண்ணைகளிலும் முக்கூடல், கடையநல்லூர் வீட்டு முற்றங்களிலும் இருக்கிறது. மடியில் சுளகை வைத்து, இலை நறுக்கி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டும் தாய்மாரே விடை. தறி நின்ற வீட்டில் பீடி புகுந்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்னும் கூலியில் அரிசி வந்தது. அந்த அரிசியின் பலத்தில் மகன் பயிற்சிக்குப் போனான். பயிற்சி பெறுபவன் குடும்பத்துக்கு உரிய உதவிப்படியை இங்கே அரசோ செல்வரோ பெரிதும் கொடுக்கவில்லை. தாயின் விரல்கள் கொடுத்தன. நூல் நூற்று மகனுக்குச் சோறிட்ட கூஃபாத் தாய்க்கும் இவர்களுக்கும் இடையே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள். வேறுபாடு கதிருக்கும் சுளகுக்கும் உள்ளது மட்டுமே.

இவர்களுக்கென 1976-இல் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் இயற்றப்பட்டது. பீடியின் மீது விதித்த தீர்வையிலிருந்து மருத்துவமும் வீட்டுதவியும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் வழங்கப்பட்டன. முக்கூடலில் மருத்துவமனை அமைந்தது. தொழிற்பயிற்சி பயிலும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், அதாவது மாதத்துக்கு 500 ரூபாய், கல்வி உதவி நிர்ணயிக்கப்பட்டுள்ளது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது அந்தத் தனித் தீர்வை நீக்கப்பட்டது. உதவிகள் மத்திய அரசின் பொது ஒதுக்கீட்டை நம்பி நிற்கலாயின. தனக்கென ஊற்று உடைய கிணறு, பிறர் திறந்துவிட்டால் நிரம்பும் தொட்டியாயிற்று.

இனி வரும் சோதனை இன்னும் கடுமையானது. பீடித் தொழில் தேய்ந்து வருகிறது. அதன் தூள் சுருட்டுபவரின் நுரையீரலையும் கெடுக்கிறது. ஆதலின் அப்பெண்களுக்கே மாற்றுத் தொழில் கற்பிக்க வேண்டும் என்று பலரும் கூறுகின்றனர். மத்திய தொழிலாளர் அமைச்சகமும் அத்தகைய பயிற்சிக்கு ஏற்பாடு செய்துள்ளது. நோக்கம் நன்று. ஆனால் இதுவரை கற்கச் சென்றவன் மகன். அடுப்பைக் காத்தவள் தாய். இப்போது கற்கச் செல்ல வேண்டியவள் தாயே என்றால், அடுப்பைக் காப்பவர் யார்? சுளகைக் கீழே வைத்த நாளில் அன்றைய கூலி இல்லை. மூன்று மாதப் பயிற்சி என்றால் மூன்று மாதமும் கடை இருப்பில் அரிசி கடன். பயிற்சிக்கு வரவில்லை என்று அவர்களை நோவதற்குமுன், இமாம் அபூஹனீஃபா அவர்களைப் போல, ஏன் வரவில்லை என்று கேட்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

நம் கையில் உள்ளது

அரசு செய்ய வேண்டியது வெளிப்படை. வேலையற்றோர் உதவி பெறும் ஒருவர் ஒப்புதல் பெற்ற முழுநேரப் பயிற்சியில் சேர்ந்தால் அவ்வுதவியை நிறுத்தாது தொடர வேண்டும். குடும்பம் உடையவர்க்கு உறுப்பினர் எண்ணிக்கைக்கேற்பக் கூட்டித் தர வேண்டும். பீடிச் சுற்றும் பெண்கள் பயிற்சி பெறும் நாட்களுக்கு, அவர்கள் இழக்கும் கூலியை ஈடு செய்ய வேண்டும். சாதி சமய வேறுபாடின்றி இப்பள்ளத்தாக்கின் எல்லா உழைப்பாளருக்கும் இது பொருந்தும்.

அரசு செய்யும்வரை ஜமாஅத்துகள் காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஊர்களில் ஜகாத்தும் ஸதகாவும் கொடுக்கப்படாமல் இல்லை. ரமளான் மாதத்தில் வாயிலில் நிற்போருக்கு ஐம்பதும் நூறுமாகச் சிதறிப்போகின்றன. வாங்கியவரின் வறுமை அடுத்த ரமளானிலும் அதே வாயிலில் வந்து நிற்கிறது. அந்தத் தொகையில் ஒரு பங்கை மட்டும் ஒன்று திரட்டி, மஹல்லாவில் வேலையிழந்து தொழில் கற்க முன்வரும் சிலரின் வீடுகளைப் பயிற்சி முடியும் மாதம்வரை ஏற்றுக்கொண்டால் என்ன? பெறுபவர் உண்மையில் கற்கிறாரா என்று பார்ப்பதற்கும் நம் சட்ட நூல்கள் வழிகாட்டியுள்ளன. கற்காது மதரஸாவில் தங்கியிருந்தவனுக்கு இல்லை என்ற தீர்ப்பு பயிற்சி நிலையத்துக்கும் பொருந்தும். தேறியவர் பின்னாளில் தம் விருப்பப்படி அந்நிதிக்குத் திருப்பித் தருவார். அது அடுத்த வீட்டுக்குச் செல்லும். ஜகாத்தாகத் தரத் தகாதவருக்கு ஸதகா இருக்கிறது. ஆலிம் பெருமக்கள் வகைப்படுத்தித் தருவர்.

எத்தனை வீடுகள் என்பது முக்கியமன்று. ஒரு மஹல்லாவில் ஆண்டுக்கு இரண்டு வீடுகள் போதும். பத்தாண்டுகளில் இருபது குடும்பங்கள் வாங்கும் கையிலிருந்து கொடுக்கும் கைக்கு மாறியிருக்கும். நூறு திர்ஹம் பை ஒன்று ஒரு தலைமை நீதிபதியை உலகுக்கு அளித்தது. நம் பைகளிலிருந்து ஒரு மின்பணியாளரும் ஒரு தையற்கலைஞரும் ஒரு செவிலியும் எழுந்தாலே, இந்த ஆற்றங்கரையில் சுளகோடு அமர்ந்திருக்கும் தாய்மார் சிலரின் விரல்களுக்கு ஓய்வு கிடைக்கும்.